மூணு கிலோ கழிவு

—இல்லைக்கா, வரிசையா வருவம். மொதல்ல யாரு யாரு ஈந்தாங்க, எங்க எங்க குந்தினாங்கண்டு போடணும். சண்டையெல்லாம் கடிதத்துட ரெண்டாம் பந்தியில.

—யாரு எங்க குந்துனா என்னா புள்ள? களவாணின்னு மைக்குல சொல்லிட்டானுங்க. பஸ் ஸ்டாண்டு பூரா கேட்டுச்சு. மீன் கடைக்காரன்கூட கத்திய கீழ வச்சிட்டு எங்கள பாத்தான். நீ என்னடான்னா கதிரைய எண்ணிக்கிட்டு இருக்க.

—பேச்சியக்கா, இந்த டவுன்ல நான் போட்டோகொப்பி மட்டுமா அடிக்கிறேன்? எத்தன பேருக்குக் கடிதம் எழுதிக் குடுத்தீக்கேன். கோவத்துல எழுதின கடிதம் குப்பையிலதான் போய் விழும். ஒழுங்கா எழுதின கடிதத்த ஒதுக்க அவங்களுக்கு ஏலா. செல்லுங்க. இண்டைக்கிக் காலையில, காலேஜ் மண்டபம். நடுவில யாரு?

—நடுவுல தொரை. எங்க தோட்டத்து பெரிய தொரை. டவுன் வெளையாட்டு விழாவுக்கு இந்த வருசம் அவருதானே தலைவரு. சுத்துற கதிரையில ஒக்காந்து, சுத்திக்கிட்டே இருந்தாரு.

—சுத்தினது வேணாம். 'நடுவில் தலைவர்.' அவருக்கு வலப்பக்கம்?

—காலேஜு வெளையாட்டு மிஸ்சு. பாவம், தரையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எடப்பக்கம் கமிட்டி செயலாளரு. மைக்குல கத்துனவன்.

—'இடப்பக்கம் செயலாளர்.' பொறகு?

—சுவரோரமா ஒரு கதிரை. அதுல நம்ம கணக்கப்புள்ள ஆண்டியப்பன். தொப்பிய கழட்டி கையில வச்சு உருட்டிக்கிட்டு.

—அவருக்கும் கதிரை ஈந்திச்சா?

—இருந்துச்சே! எங்கள தராசுல நிறுத்து எழுதிக் குடுத்தது அவரு. அவருக்கு கதிரை, எங்களுக்கு குத்தம்.

—சரி. ஒங்கட டீம் எட்டுப் பேரும் எங்க குந்தினீங்க?

—எங்க குந்துறது? நின்னோம்.

—கதிரை இல்லையா?

—பின்னால அடுக்கி வச்சிருந்தானுங்க, நாளைக்கி விழாவுக்கு. கூரை முட்ட இருந்துச்சு. மீனம்மாவுக்கு முழங்கால் வலி, ஒன்ன இழுக்க போனா. 'அது விருந்தாளிங்களுக்கு'ன்னான் செயலாளரு. அவ கைய எடுத்துட்டா.

—அதுக்குத் தனியா ஒரு வசனம். கேளுங்க. 'கயிறிழுக்கும் அணியின் பெண்கள் எண்மரும், மண்டபத்தில் கதிரைகள் கூரைவரை அடுக்கி வைக்கப்பட்டிருந்தும், விசாரணை முடியும்வரை நின்றுகொண்டிருந்தனர்.'

—அட. கோவமா எழுதுன மாதிரியே இல்ல. ஆனா சுருக்குன்னு ஏறுது.

—அதுக்குத்தான் செல்றேன், கதிரைய எண்ணணும்ண்டு. இப்ப ரெண்டாம் பந்தி. ஒங்ககிட்ட என்ன கேட்டாங்க?

—நாலு மணிக்குள்ள மன்னிப்பு எழுதித் தரணுமாம். 'நிறையைக் கொறச்சுக் காட்டி ஏமாத்துனோம்'னு. எழுத்துல வேணும், எழுத்துல வேணும்னு தொரை மேசைய தட்டித் தட்டி சொன்னாரு. தந்தா மன்னிச்சு விடுவாங்களாம். தராட்டி எங்க தோட்டத்துலருந்து இனி ஒரு ஆளு அந்த கிரவுண்டுல கால் வைக்கக் கூடாது. சின்னப்புள்ளைங்க சாக்கு ஓட்டம்கூட ஓட முடியாது, கிறீஸ் பூசுன வழுக்கு மரம் ஏற முடியாது, பூக்கண்காட்சிய எட்டிப் பாக்க முடியாது.

—மன்னிப்புக் குடுத்தா நாளைக்கி இழுக்க விடுவாங்களா?

—எங்க! கேடயத்த காலேஜு புள்ளைங்களுக்கு சும்மாவே குடுத்துருவாங்களாம். எங்களுக்கு வேற வேல வச்சிருக்கானுங்க. கொழுந்து நடனம்.

—என்னது?

—வெளியூர் விருந்தாளிங்க வாராங்கல்ல. அவங்க முன்னாடி செவப்பு சீல கட்டி, கூடைய தலையில மாட்டிக்கிட்டு, கொழுந்து எடுக்கிற மாதிரி ஆடணுமாம். மேடையில கொழுந்து ஏது? காத்துலதான் கிள்ளணும்.

—இப்ப தோட்டத்துல கூடை எங்க ஈக்கி? சாக்குத்தானே.

—நானும் அதத்தான் கேட்டேன். கூடை கொழும்புலருந்து வாடகைக்கு வருதாம். ஏன் புள்ள, ஆறு நாளு மலையில கிள்ளுறோம். ஏழாவது நாளு வெளையாடப் போனா, அங்கயும் கிள்ளு, ஆனா சிரிச்சுக்கிட்டே கிள்ளுன்னா எப்படி?

—அக்கா, ஒண்டு கேக்கட்டா? அந்தக் கேடயம் ஒங்களுக்கு அவ்வளவு பெரிசா?

—கேடயமா? போன வருசம் ஜெயிச்சதுலருந்து அது புள்ளக்காம்பராவுல தொங்குது. நாங்க மலைக்கி போறப்போ புள்ளைங்கள விடுறமே, அங்க. அதுங்க அதுல மூஞ்சி பாத்து நாக்க நீட்டுதுங்க. அது பெருசில்ல. அந்த கயிறு இருக்கே, அதுதான். வருசத்துல ஒரு நாளு. விடியக்காலையில பேரு கூப்பிடுற பெரட்டு இல்ல, 'ஏய் பேச்சி, நெரைய விட்டு எங்க போற'ன்னு அதட்ட ஆளு இல்ல. இடுப்புல கயித்த சுத்திக்கிட்டு கடைசி ஆளா நான் நிக்கிறேன். எதுத்தாப்புல எட்டு பேரு இழுக்குறாங்க. நான் நகர மாட்டேன். என்னைய நகருன்னு யாரும் சொல்ல முடியாது. சும்மாவா அது?

—சும்மா இல்லைக்கா.

—டவுனே கத்தும், 'உடாத பேச்சியக்கா'ன்னு. காலேஜு புள்ளைங்களும்தான் கத்துங்க, எதுத்தாப்புல நிக்கிறது அதுங்க டீமா இருந்தாலும். அதே மைக்குல இன்னைக்கி 'மோசடி'.

—வருவம், அதுக்கும் வருவம். மூணாம் பந்தி, நிறை. இந்த வருசம் புதுச் சட்டம். டீம்ல எல்லாரும் சேந்து ஐந்நூறு கிலோவுக்கு மேல போகக் கூடாது. தோட்டத்து டீமெல்லாம் அவங்கட எடத்துலயே நிறுத்து, துண்டு எழுதிக் கொண்டு வரலாம். சரிதானே?

—சரி. நாங்க கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஏறி நின்னோம். ஆண்டியப்பன் நிறுத்து, எழுதி, சீலும் குத்திக் குடுத்தாரு. ஐந்நூறுக்குள்ளதான் வந்துச்சு. அந்த துண்டோடதான் நோட்டன் பிரிட்ஜ் டீம இழுத்துப் போட்டோம். இறுதி ஆட்டம்னதும் இன்னைக்கி காலேஜு தராசுல ஏத்துனாங்க. ஐந்நூத்தி பன்னெண்டு.

—இந்தா ஈக்கி ரெண்டு துண்டும். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒங்களுக்கு மூணு கிலோ வித்தியாசம். மீனம்மாவுக்கு மூணு. சர்மிளாவுக்கு மூணு.

—எல்லாருக்கும் மூணா?

—எல்லாருக்கும். களவு செய்றவன் குண்டானவங்களுக்குக் கூடக் கொறைப்பான், மெலிஞ்சவங்கள விட்டுருவான். இது வரிசையா நிக்குது, அச்சடிச்ச மாதிரி. எனக்கு வெளங்கல்ல.

—வெளங்க வைக்கிற ஆளு அந்தா வாராரு பாரு. கொடையக்கூட மடக்காம கடைக்குள்ள நுழையிறாரு.

—ஏம்மா பஸ்மிலா, ஒரு பேனா... ஓ, பேச்சியும் இங்கதான் இருக்கியா? நான் பொறகு வாரேன்.

—ஏன் கணக்கப்புள்ள ஐயா, நான் என்னா புலியா? வாங்க. ஒக்காருங்க. காலையிலயே கதிரையில ஒக்காந்து பழகிட்டீங்கல்ல.

—இந்தா பேச்சி, எனக்கென்ன வந்துச்சு? காலையில ஒங்களுக்கு எதிரா நான் ஒரு வார்த்த சொன்னேனா?

—எங்களுக்காக ஒரு வார்த்த சொன்னீங்களா?

—ஐயா, குந்துங்க. கொடைய வெளிய வைங்க, கடிதம் நனையும். ஒரே ஒரு கேள்வி. பேச்சியக்காவ நிறுத்தப்போ தராசு என்ன காட்டினிச்சு?

—அது... எழுவத்திரெண்டு.

—காலேஜ் தராசும் எழுவத்திரெண்டுதான் செல்லுது. அப்ப ரெண்டு தராசுலயும் பிழை இல்ல. இந்தத் துண்டுல நீங்க எழுதீக்கிறது என்ன?

—அறுவத்தொம்பது.

—ஏன் ஐயா?

—கழிவும்மா.

—என்னா கழிவு?

—கழிவுதான் பேச்சி, ஒனக்கு தெரியாததா? சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு.

—சாக்குக்கா?

—பேச்சி, நீ கோவப்படாத.

—நானாங்க சாக்கு?

—கேளும்மா. அன்னைக்கி மழை. நீங்க எட்டு பேரும் நனைஞ்சு வந்து மடுவத்துல வரிசையா நின்னீங்க. அந்தி நிறுவை முடிஞ்ச கையோட. நான் தராச பாத்தேன், கை எழுதுச்சு. அவ்வளவுதான். சின்ன வயசுலருந்து தராசு ஒன்னு காட்டும், கை ஒன்னு எழுதும். ஆளா கொழுந்தான்னு கைக்கு எங்க தெரியும்? காலையில அந்த துண்ட தொரை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனப்பத்தான் எனக்கே வெளங்குச்சு.

—யா அல்லாஹ்! மனுசருக்குத் தண்ணி கழிச்சீக்கிறாரு!

—சிரிக்காத புள்ள.

—சிரிக்கல்லக்கா. சத்தியமா சிரிக்கல்ல.

—சிரி, சிரி. எனக்கும் வருது. கொழுந்துல கழிச்சீங்க. சரின்னோம். மழை நாள்ல தண்ணின்னீங்க, வெயில் நாள்ல பனின்னீங்க, பனியும் இல்லாட்டி முத்தல் இலைன்னீங்க. எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு போனோம். இப்ப ஆளுலயும் கழிச்சாச்சு. இன்னும் எங்ககிட்ட கழிக்க என்னாங்க மிச்சம்?

—நான் வேணும்னு செய்யல பேச்சி.

—வேணும்னு செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும். நெனைக்காமலே செஞ்சிருக்கீங்க பாருங்க, அதுதான். அத காலையில மண்டபத்துல சொல்லியிருக்கலாம்ல?

—யாரு முன்னாடி? தொரை முன்னாடியா? நல்லா யோசி. பழக்கத்துல கழிச்சிட்டேன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்னா? 'என்ன பழக்கம்? எங்க பழகுன?' அதுக்கு நான் என்னா சொல்ல? காலேஜு மிஸ்சு இருக்கு, வெளியாளுங்க இருக்காங்க.

—தொரைக்குத் தெரியாதா ஐயா, கழிக்கிறது?

—தெரியாம? ஆனா எழுத்துல கெடையாதும்மா. தராசு காட்டுறது எந்த புஸ்தகத்துலயும் ஏறாது. கழிச்ச கணக்கு மட்டும்தான் ஏறும். எனக்கு முன்னாடி இருந்தவரு எனக்கு வாயால சொன்னாரு, நான் அடுத்தவனுக்கு வாயால சொல்லுவேன். யாராவது கேட்டா, 'அப்படி ஒரு பழக்கமே இல்லியே'ம்பாங்க. அவ்வளவுதான்.

—ஓ. அப்ப இத்தன நாளா நாங்க சத்தம் போட்டதெல்லாம் காத்தோட போனது அதனாலதானா? கேட்டப்பல்லாம் 'எங்க எழுதியிருக்கு, காட்டு'ம்பாரு தொரை.

—எழுதியிருந்தாத்தானே காட்ட.

—சரி, நீங்க ஏன் இப்ப பேனா தேடி வந்தீங்க? தொரை எதையோ எழுதச் சொல்லியிருக்காரு. என்னான்னு சொல்லுங்க.

—அது வேணாம் பேச்சி.

—சொல்லுங்க.

—பொம்பளைங்க கெஞ்சிக் கேட்டாங்க, அதனால கொறச்சுப் போட்டேன்னு எழுதித் தரச் சொன்னாரு. எனக்கு ஒரு எச்சரிக்கையோட முடிச்சிருவாராம்.

—எழுதிட்டீங்களா?

—எழுதியிருந்தா இங்க பேனா கேட்டு வருவேனா? தொரை தன் பேனாவையே குடுத்தாரு. 'வெளிய போயி எழுதிட்டு வாரேன்'னு வந்துட்டேன்.

—பாருங்கக்கா, சட்டைப்பையில பேனா ஈக்கி. பேனா தேடி மழையில அலையிறாரு.

—அலையட்டும். அந்தப் பேனா எழுத ஆரம்பிச்சா யாரு தலையில விழும்னு அவருக்கு தெரியும்.

—நான் ஒரு வழி சொல்லட்டா? 'தராசு பழுது'ன்னு எழுதிருவோம். ஒங்களுக்கும் குத்தமில்ல, எனக்கும் குத்தமில்ல. தராசுக்கு வாயா இருக்கு?

—வரிசையா வருவம் ஐயா. தராசு பழுதெண்டா, எப்ப ஈந்து பழுதுண்டு கேப்பாங்க. அதே தராசுலதானே கொழுந்தும் நிறுக்கிறீங்க?

—அதான! பழுதுன்னே எழுது புள்ள. எங்க கொழுந்துக்கெல்லாம் மறுபடி கணக்கு பாக்கட்டும்.

—ஐயய்யோ, அது வேணாம். அத விடு.

—விட்டாலும் நான் எழுத மாட்டேன் ஐயா. பொய் எழுத எண்ட கடையில தாள் இல்ல.

—எழுது புள்ள. ஒப்புக்கிறோம்னு எழுது.

—என்னக்கா செல்றீங்க? மன்னிப்பா? இவ்வளவும் பேசிட்டு?

—மன்னிப்பு யாரு கேட்டா? நிறை கூடத்தான். அது எங்க ஒடம்பு, அத ஏன் மறைக்கணும்? 'நிறை கொறச்சு எழுதப்பட்டது உண்மை'ன்னு போடு. யாரு எழுதுனாரு, எதுல பழகுன கையால எழுதுனாரு, எதுக்கு ஒன்னு, எதுக்கு ரெண்டு, எல்லாத்தையும் போடு.

—பேச்சி!

—நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. காலையில இருந்தீங்கல்ல, அதே மாதிரி. எழுத்துல வேணும்னு மேசைய தட்டுனது யாரு, நானா? மடுவத்துல எழுதுன நிறை பொய்யின்னு எழுத்துல தாங்கன்னு தொரையே வாய் விட்டுக் கேட்டிருக்காரு. அவரு கேட்டத ஒரு எழுத்து கொறையாம குடுப்போம்.

—அல்லாஹ்வே. மிச்சம் நல்லம் அக்கா. இது எண்ட மண்டையில ஓடல்லையே.

—ஒனக்கு ஓடாதது எப்படி? கதிரைய எண்ணச் சொல்லிக் குடுத்தது நீதானே.

—ஆனா நாளைக்கி? நிறை கூடண்டு நாமளே எழுதிக் குடுத்தா எப்படி இழுக்கிற?

—ஏழு பேரா இழுப்போம்.

—எதிரில எட்டுப் பேரு ஈப்பாங்களே!

—இருக்கட்டும். ஒரு ஆளு கொறஞ்சா ஐந்நூறுக்குள்ள வருமா, வராதா?

—வரும், தாராளமா வரும். சட்டத்துலயும் இடம் ஈக்கி. எட்டுப் பேருக்கு மேல போகக் கூடாதுண்டுதான் போட்டீக்கி, கொறையக் கூடாதுண்டு இல்ல. அந்த நோட்டீஸ் நான்தானே அடிச்சுக் குடுத்தேன். யார நிப்பாட்டுற?

—சர்மிளாவ. அவதான் மெலிசு. வெளிய நின்னு கூப்பிடட்டும். அவ தொண்டையே ரெண்டு ஆளுக்கு சமம்.

—கமிட்டி விடாட்டி?

—விடாட்டி கேட்டுக்கு வெளிய, ரோட்டுல கயித்த போட்டு நிப்போம். காலையில வெளிய வாரப்போ காலேஜு டீமு தலைவி, அந்த கிருஷாந்தி புள்ள, பின்னாலயே ஓடி வந்துச்சு. 'அக்கா, இழுக்காம கெடைக்கிற கேடயம் எங்களுக்கு வேணாம்'னு மூச்சு வாங்குது. அதுங்களும் வெளிய வந்துரும். விருந்தாளிங்க உள்ள ஒக்காந்து கூடைய பாக்கட்டும்.

—நாலாம் பந்திக்கு அது போதும். 'எழுவராகக் களமிறங்க ஆயத்தமாயிருக்கிறோம். அனுமதி மறுக்கப்படின் போட்டி வேறிடத்தில் நடைபெறும்.' அடுத்தது நடனம்.

—தொரையும் செயலாளரும் ஆடட்டும்னு எழுது.

—அப்படி எழுத ஏலாக்கா. 'கொழுந்து நடனத்துக்கு வேறு ஆட்களைத் தேடிக்கொள்ளுமாறு தாழ்மையுடன் அறியத் தருகிறோம்.'

—தாழ்மைய எடு.

—கடிதத்துட முறை அக்கா அது.

—நின்ன எட்டு பேரும் காலையில வேணும்ங்கிற அளவு தாழ்மைய காட்டிட்டோம். எடு.

—சரி. 'உறுதியுடன்.' கடைசிப் பந்தி, மோசடிண்டு அறிவிச்ச அதே ஒலிபெருக்கியில, அதே ஆள், அப்படி இல்லைண்டு அறிவிக்கணும். சரியா?

—அதே சத்தத்துலன்னு சேத்துக்க.

—சேத்துட்டேன். இனி ஐயாட கையெழுத்துத்தான் பாக்கி.

—என் கையெழுத்தா? நான் எதுக்கும்மா? பேச்சிதானே அணித் தலைவி.

—அக்கா மட்டும் போட்டா, இது பொம்பளைங்க செல்ற கதைண்டு மடிச்சு வச்சிருவாங்க. நிறுத்தவர் செல்லணும் ஐயா. நீங்க போட்டாத்தான் மூணாம் பந்தி நிக்கும்.

—பாத்தீங்களா? எட்டு பொம்பளைங்க வாய் ஒரு ஆம்பள கையெழுத்துக்கு ஈடா வராது. அதுலயும் கழிவு.

—எனக்கு வேலையில இன்னும் கொஞ்ச காலம்தான் பேச்சி இருக்கு. தோட்டம் குடுத்த குவாட்டஸ் வீட்ட விட்டு இப்ப எறக்கிட்டா நானும் எம்பொஞ்சாதியும் எங்க போறது? நீயே சொல்லு.

—லயத்துக்கு வாங்க. எங்க அம்பது குடும்பத்துக்கு இருக்கிற எடத்துல ஒங்களுக்கு ஒரு காம்பரா இல்லாமலா போயிரும்? கூரை ஒழுகும். தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கங்க.

—வெளையாடாத.

—வெளையாடல. இந்தாங்க, கையெழுத்து போடாட்டி போங்க, நான் கையப் புடிச்சு இழுக்க மாட்டேன். தொரை குடுத்த பேனால தொரை சொன்னத எழுதுங்க. ஆனா திங்கக்கெழம அந்திக்கி நாங்க மடுவத்துக்கு வருவோம். நீங்க தராசப் பாப்பீங்க. நாங்க அத்தன பேரும் ஒங்க கையப் பாப்போம். செவ்வாக்கெழமையும் பாப்போம். நீங்க வேலைய விட்டு வீட்டுக்குப் போற வரைக்கும் தெனமும் பாப்போம்.

—ஐயா, நானும் ஒண்டு செல்லட்டா? எண்ட கடைக்கு வார வேலையில பாதி அந்தக் காலேஜ் வேலை. இந்தக் கடிதத்த டைப் அடிச்சா யாரு எழுதினதுண்டு தெரியாது. நான் கையாலதான் எழுதீக்கேன். எண்ட கையெழுத்து அந்த ஒபிஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

—ஏம்மா அப்படி செஞ்ச?

—தெரியட்டும்ண்டுதான்.

—அந்த பந்திய படி. என்னப்பத்தி எழுதியிருக்கியே, அத.

—'மூன்றாம் பந்தி. மேற்படி பெண்களை நிறுத்த கணக்கப்பிள்ளை திரு. ஆண்டியப்பன், தராசு காட்டிய நிறையிலிருந்து ஆளொருவருக்கு மூன்று கிலோ வீதம் கழித்து எழுதினார். இக்கழிவைப் பெண்கள் கேட்கவுமில்லை, அறியவுமில்லை. கொழுந்து நிறுக்கையில் சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு என நாள்தோறும் கழிக்கும் வழக்கத்தால் அவரது கை தானாகவே அவ்வாறு எழுதிற்று.'

—'மழை நாட்களில்'னு மாத்தலாமேம்மா.

—மழை நாள்ல மட்டுமாங்க கழிச்சீங்க?

—இல்ல.

—அப்ப?

—'நாள்தோறும்'னே இருக்கட்டும். மொதப் பந்தியில 'சுவரோரக் கதிரையில் ஆண்டியப்பன்'னு போட்டிருக்கியே, அதயாவது எடுத்துரேன்.

—நடந்தத எடுக்க எனக்கு ஏலா ஐயா. குந்தினீங்கதானே?

—குந்துனேன். அந்த கதிரை குத்துன குத்து எனக்குத்தான் தெரியும். சரி, தள்ளு. எங்க போடணும்?

—பேச்சியக்காட பேருக்குக் கீழ. 'நிறுத்தவர்'ண்டு ஈக்கி பாருங்க.

—தொரை பேனாலயா போடுறீங்க?

—இருக்கிற பேனா அதுதானே. நல்லா எழுதுது.

—முழுப் பேரையும் போடுங்க.

—முழுப் பேருதான். இந்தா, போட்டாச்சு.

—மாஷா அல்லாஹ். கொஞ்சம் பொறுங்க, எண்ட பைலுக்கு ஒரு பிரதி எடுத்துட்டு மடிக்கிறேன். ம். இப்ப கவர். அக்கா, இந்த மூலைய அமத்திப் பிடிங்க, இந்தப் பசை மழைக்கு லேசுல ஒட்டாது. சிப்னாஸ்! திரீவீலர எடு. காலேஜ் ஒபிஸ். வாங்கினவங்கட கையெழுத்து இந்தக் கொப்பியில வேணும். வழியில யாரையும் ஏத்தாத, சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போ.

—போயிருச்சா?

—பாலத்துக்கிட்ட திரும்பிட்டான். இனி கூப்பிட்டாலும் கேக்காது.

—கணக்கப்புள்ள, பயமா இருக்கா?

—இருக்கு. ஏம்மா பஸ்மிலா, நீ எடுத்து வச்ச பிரதி, அத பெருசாக்கி அடிக்க முடியுமா?

—ஏலும் ஐயா. எவ்வளவு பெருசா வேணும்?

—வரிசையில கடைசியா நிக்கிறவங்களுக்கும் தெரியிற மாதிரி.

—எந்த வரிசையிலங்க?

—மடுவத்துல, பேச்சி. தராசுக்கு மேல ஒட்டப் போறேன். திங்கக்கெழம அந்திக்கி அதுக்குக் கீழ நின்னு, தராசு காட்டுறத எழுதப் போறேன்.